விளையாட்டுத் திடலும் கணக்குப் பலகையும்

நம்மவர் வீடுகளில் பெற்றோர் பிள்ளைக்கு நாள்தோறும் இடும் கட்டளை ஒன்றுண்டு: "விளையாடியது போதும், வந்து படி." விளையாட்டு வேறு, படிப்பு வேறு, சரீரம் வேறு, அறிவு வேறு என்னும் எண்ணம் இக்கட்டளைக்குள் ஒளிந்து கிடக்கிறது. இஃது இயற்கை விதித்த பிரிவினையா? அன்று. மனிதர் எழுப்பிய சுவர் இது என்பதைச் சரித்திரமே காட்டும்.

பழைய திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதியும், எண்சுவடியை உரக்க ஒப்பித்தும் கற்றனர். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் இம்மணலெழுத்தைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் அதைக் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். பல்லாங்குழியின் 14 குழிகளில் நம் பெண்மக்கள் கூட்டலும் கழித்தலும் பயின்றனர். ஆகவே கையும் கணக்கும் கூடி வாழ்ந்த காலம் நமக்கும் உண்டு. எனினும் திண்ணையில் இடம் பெற்றவர் யார்? சேற்றில் இறங்கி உழைத்தவர் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை. வியர்வை சிந்துபவனுக்கு எண் எதற்கு, எண் அறிந்தவனுக்கு வியர்வை எதற்கு என்னும் ஜாதித் தத்துவமே அச்சுவரின் அஸ்திவாரம்.

அச்சுவர் நம்மோடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் வேண்டுமென விதித்தது. சிலாங்கூர்த் தோட்டங்களிலும் பள்ளிகள் பெருகின. ஆனால் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் உபாத்தியாயராக அமர்ந்த பள்ளிகளும் இருந்தன. எழுத்தும் சிறிது கணக்கும் வந்தால் போதும் என்பதே அன்றைய அளவுகோல்.

வேடிக்கை என்னவெனில், அப்பள்ளிக்கு வெளியே தோட்டம் முழுவதும் விஞ்ஞானமாகவே கிடந்தது. பால்மரப் பட்டையில் இட்ட சாய்வெட்டு க்ஷேத்திர கணிதம். பாலில் ரப்பர் எவ்வளவு என்று மிதவைக் கருவியால் அளந்தது பௌதிகம். அமிலம் வார்த்துப் பாலை உறையச் செய்தது ரசாயனம். பால் வாளியைச் சுமந்தவன் ஒருவன். அதன் அளவை ஏட்டில் எழுதியவன் வேறொருவன். எழுதியது சரியா என்று பார்க்கச் சுமந்தவனுக்குக் கணக்குத் தெரியாது. கல்வியில் எழுந்த சுவர் கூலியிலும் வந்து விழுந்தது இவ்வாறே.

செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது புத்தகச் செய்தி அன்று. கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில், நாற்காலியில் அமர்ந்தே கற்றவன் நான். நெம்புகோல் விதியை மனப்பாடம் செய்து பரீட்சையில் தேறினேன். செம்பனைக் குலைகளை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றித் தள்ளும் தொழிலாளியின் கைகளில்தான் அவ்விதியை முதன்முதலாகக் கண்டேன். அவரோ விதியின் பெயரைக் கேட்டதில்லை. எங்கள் இருவர் கல்வியும் பாதிக் கல்வியே.

இச்சுவரை இடிக்க முயன்றோர் உலகில் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியில், சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், குழந்தைகள் இல்லம் திறந்தார். 10 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை நீளமுள்ள 10 கோல்களைக் கைகளால் தூக்கிச் சென்று வரிசைப்படுத்தி, எண் வளர்வதை அவர் வழிப் பிள்ளைகள் உடலாலேயே உணர்ந்தனர். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். யுத்த காலத்தில் கோடைக்கானலிலும் தம் பணியைத் தொடர்ந்தார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். உடலோடு கல்வி என்பது குலத்தொழிலோடு கல்வி அன்று. 1953இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமப் பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் பெற்றோர் தொழிலுக்கும் அனுப்ப முனைந்தது. பெரியார் முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. தொழிலாளியின் பிள்ளை கையில் வாளியைக் கொடுப்பது கல்வியாகாது; மரத்தில் ஏறாமலே அதன் உயரத்தை அளக்கக் கற்பிப்பதே கல்வி.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. 1 மீட்டர் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர் இருக்கும் வேளையில் தென்னையின் நிழல் 8 மீட்டரானால், தென்னை 10 மீட்டர். நடுவே முட்டுக் கொடுத்த பலகையில் 30 கிலோ சிறுவன் 2 மீட்டர் தள்ளி அமர்ந்தால், 20 கிலோ சிறுமி மறுபுறம் 3 மீட்டர் தள்ளி அமர்ந்து அவனைச் சமன் செய்வாள். ஓடுமுன்னும் ஓடியபின்னும் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கினால், வாய்ப்பாடும் இருதய சாஸ்திரமும் ஒருங்கே வரும்.

இன்று ஷா ஆலமும் சுபாங் ஜெயாவும் பழைய தோட்ட நிலங்களின்மேல் நிற்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரர் பலர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடிகளில் வளர்கின்றனர்; ஓடுவதற்குப் பள்ளித் திடல் ஒன்றே மிச்சம். பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பரீட்சைப் புள்ளியை மட்டும் விசாரியாதீர். திடலில் பிள்ளை எதை அளந்தான், எதை எண்ணினாள் என்றும் கேளுங்கள். சுமப்பவனே எழுதவும், எழுதுபவனே சுமக்கவும் கற்கும் நாளில்தான் அச்சுவர் இடியும்.