அரிசிப் பஞ்சத்து நல்லாண்டுகள்

வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள் வசதி மிகுந்த ஆண்டுகளாகவே இருத்தல் வேண்டும் என்று கருதுவது உலக வழக்கம். கல்முனைக் கரையோரத்தின் வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. அங்கே ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் பணிக்காலம் என இன்றும் போற்றப்படுவது, நாடே அரிசிக்கு ஏங்கிய யுத்தகாலமாகும்.

1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கை திகைத்தது. ஏப்பிரல் 5இல் கொழும்பிலும், 9இல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. தேயிலைக்கும் றப்பருக்கும் நிலத்தை வாரி வழங்கிய ஏகாதிபத்திய அரசுக்கு, நெல் விளைவிக்கும் குடியானவனின் நினைவு அப்போதுதான் வந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குமாறு கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவர். அப்பொழுது அவருக்கு வயது முப்பது.

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் மேற்கே வட்டை வட்டையாக வயல்கள். அவற்றுக்கும் அப்பால் காடு. அக்காட்டை வெட்டிக் கழனியாக்குதலே அவருக்கு இடப்பட்ட பணி. அரசுக்கு வேண்டியது நெல். குடியானவனின் நலம் அன்று. இதனை மறந்து அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடிவிடுவது எளிது. அரசின் தேவையால் திறந்த சிறு கதவு அது. அக்கதவின் வழியே அஸீஸ் வேறொன்றையும் உள்ளே கொண்டு வந்தார் என்பதே அவரது பெருமை.

நெல்லைத் தேடி வந்த உத்தியோகத்தர் நெல்லோடு நின்றிருக்கலாம். பதவி உயர்வுக்கு அதுவே போதும். அவரோ, வயலில் வளம் மிகுந்த இவ்வூர்களிற் கல்வி வறண்டு கிடந்தமையைக் கண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. வறிய மாணவர்க்குக் கைகொடுக்க 1945இல் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு இச்சங்கமே முன்னோடி. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் நட்பும் அஸீஸுக்கு வாய்த்தது. துறவியான தமிழறிஞர் ஒருவரும் முஸ்லிம் உத்தியோகத்தர் ஒருவரும் கல்வியைப் பற்றி ஒருமனத்தோடு எண்ணிய காலம் இக்கரைக்கு இருந்தது என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. பின்வந்த பத்தாண்டுகள் அதனை மறக்கடிக்கப் பெரிதும் முயன்றுள்ளன.

1948இல் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு சாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். அன்றைய இலங்கையிற் சிவில் சேவையை விடப் பெரிய பதவியைத் தாய்மார் தம் பிள்ளைகளுக்குக் கனவிலும் வேண்டியதில்லை. அதனை உதறும் துணிவுக்கு வித்து கல்முனை வயல்வெளியில் விழுந்தது என்றே நாம் எண்ணுகின்றோம்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. ஒரு மனிதரின் சிறந்த ஆண்டுகளை நாம் எழுதிவைத்தோம். கோடரி பிடித்தவன், சூடு மிதித்தவன், போடியாரின் களவெட்டியிலே இரவெல்லாம் காவல் கிடந்த முல்லைக்காரன் ஆகியோருக்கு அவை எத்தகைய ஆண்டுகள்? அவர்தம் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. குத்தகைக் குடியானவனுக்கு நிலத்திற் காப்பளிக்க 1958இல் பிலிப் குணவர்தன கொணர்ந்த நெற்காணிச் சட்டம் வரை அவன் காத்திருந்தான். சட்டம் வந்தபின்பும் நாடெங்கும் குத்தகையாளர் பலர் வெளியேற்றப்பட்டனர். சட்டத்தை எழுதியவரே அடுத்த ஆண்டில் அமைச்சரவையை விட்டு விலகினார்.

1949இற் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. காட்டின் எல்லையும் ஆட்சியின் எல்லையும் மாறின. அம்மாவட்டத்துக் காணிப் பிணக்குகளில் இன்றும், பாட்டன் காலத்து அனுமதிப்பத்திரத்தைக் கையில் ஏந்தியவாறு கந்தோர் வாசலிற் காத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு.