மணிமுடியும் வாக்குச் சீட்டும்

மன்னார் நகரிலிருந்து பள்ளிமுனைக்குப் போகும் பாதையோரத்தில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. பத்துப் பேர் கைகோத்து நின்றாலும் அணைக்க முடியாத அடிமரம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது வழிவழியாக வரும் பேச்சு. யாழ்ப்பாணத்து அரசர் இத்தீவில் திறை கொண்டதையும், 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கோட்டை கட்டத் தொடங்கியதையும், 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அக்கோட்டைக்குள் புகுந்ததையும் கண்ட மரம் எனலாம். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை எமக்கு வாய்க்காது. ஆதலால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவரை அங்கே அழைத்துச் செல்வது எமது வழக்கம்.

இவ்வாண்டு அப்படிச் சென்றபோது, கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன், “சேர், எங்களுக்குத் திரும்ப ஒரு ராசா வந்தால் என்ன? ராசா இருந்தால் இழுவைப் படகுக்காரன் எங்கட வலையை அறுத்துக்கொண்டு போவானா?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அரசனைப் பற்றிய ஏக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. முடியாட்சியை மீட்பதற்கென்றே கட்சி அமைத்து, கொடி பிடித்து, வாக்குக் கேட்டவர்கள் இந்த நூற்றாண்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கதையைப் பார்ப்பதற்கு முன்னர், நமது கடற்கரை அரசர்களிடம் கண்டது என்ன என்பதைப் பார்த்துவிடுவது நன்று.

மன்னார்த் தீவில் முதன்முதலாகக் கிறிஸ்தவம் தழுவியவர்கள் பெரும்பாலும் கடலை நம்பிப் பிழைத்த எளிய மக்கள். எதிர்க்கரையில் பரதவர் பெற்ற ஞானஸ்நானத்தைக் கண்டு, பிரான்சிஸ் சவேரியாரிடம் ஆள் அனுப்பித் தமக்கும் ஒரு குரு வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். 1544ஆம் ஆண்டு முதலாம் சங்கிலி மன்னன் படை கொண்டுவந்து, அறுநூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்ட தொகையினரை வெட்டுவித்தான். மன்னன் செய்கைக்கு அரசியற் காரணம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பின்னால் போர்த்துக்கேயக் கப்பல் வரும் என்று அவன் கணித்தான். பதினாறு ஆண்டுகளில் அக்கப்பல் வந்தே விட்டது. ஆனால் கணிப்புச் சரியாக இருந்ததென்று வெட்டுண்டவர் கணக்குக் குறையுமா? அந்நியரை எதிர்த்த வீரனாகச் சங்கிலியைப் போற்றுகின்ற எழுத்தாளர் பலர், தெற்கே மன்னாருக்கு வரும்போது மட்டும் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகின்றனர். தோட்டவெளியில் அம்மக்களை வேதசாட்சிகளாக நினைந்து வழிபடும் ஆலயத்தின் முன் நின்று அப்படிப் புரட்டுவது கடினம்.

இதன் பின்கதை நமது பொருளுக்கு மிகவும் வேண்டியது. சங்கிலியின் தமையன் ஒருவன் அரசுரிமை இழந்து போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்திருந்தான். அவனைச் சிங்காசனத்தில் ஏற்றிவிட்டால் நாடே வேதத்தில் சேரும் என்று திட்டமிடப்பட்டது. 1545இல் நாகபட்டினத்தில் படையெடுப்புக்கு ஆயத்தமும் நடந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. காரணம் யாது? பெகு நாட்டுச் சரக்கு ஏற்றிவந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, சரக்கு மன்னன் கையில் சிக்கியிருந்தது. சரக்கு மீளும்வரை சண்டை வேண்டாம் என்றாயிற்று! முடிமீட்பு என்பது எவருடைய பேரேட்டில் எழுதப்படும் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1590இல் புவிராச பண்டாரம் மன்னார்க் கோட்டையைத் தாக்கித் தோற்றான். மறு ஆண்டு அந்திரே பூர்த்தாடோ யாழ்ப்பாணத்தின்மேற் படை கொண்டு சென்று அவனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தை அரசனாக்கினான். அன்று முதல் நல்லூரில் முடி இருந்தது. ஆணை கோவையில் இருந்தது. 1619இல் பிலிப் தெ ஒலிவேரா முடியையும் எடுத்துக்கொண்டான். சங்கிலி குமாரன் 1623இல் கோவையில் தூக்கிலிடப்பட்டான். அரச குடும்பத்தில் எஞ்சியவர்கள் மதம் மாற்றப்பட்டுத் துறவு மடங்களிற் சேர்க்கப்பட்டனர்; வழி தழைக்கக் கூடாது என்பதே நோக்கம். ஆரியச் சக்கரவர்த்திகளின் வழித்தோன்றல் என்று உரிமை கூறும் ஒருவர் இன்று நெதர்லாந்தில் வாழ்கிறார். அதை நிறுவுவதோ மறுப்பதோ குலவரிசை ஆராய்வோர் வேலை. நமக்கு முக்கியம் வேறொன்று. 1949இல் தோன்றிய கட்சி தன் பெயரிலேயே ‘தமிழரசு’ என்று வைத்துக்கொண்டது; அது கேட்டதோ சமஷ்டி. 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் இழந்துபோன யாழ்ப்பாண அரசை எடுத்துக்காட்டியது. அது கோரியதோ மதச்சார்பற்ற சோசலிச அரசு. சங்கிலியின் சிங்காசனத்தை அவை கேட்கவில்லை. அரசு என்ற சொல்லை வைத்துக்கொண்டு அரசனை விட்டுவிட்டார்கள். நமது அரசியலில் நடந்த நல்ல காரியங்களுள் இதுவும் ஒன்று என்பது எமது கருத்து.

கண்டியில் நடந்தது வேறு. அங்கே மக்கள் உண்மையாகவே அரசனைத் திரும்பக் கேட்டார்கள். 1815 மார்ச் 2ஆம் நாள் பிரதானிகள் கையொப்பமிட்டு இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். நாயக்க வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான். ஆனால் இரண்டே ஆண்டில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது, அதன் தலைவனாக வந்த வில்பாவே என்பவன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டான் தெரியுமா? நாயக்க வம்சத்துத் துரைச்சாமி என்று! சிங்களக் குடியானவன் ஒருவன் தமிழ்ப் பெயரைச் சொல்லி அரசுரிமை கேட்டான். சிங்களக் குடியானவர்கள் அவன் பின்னால் திரண்டார்கள். இன்று இனப் பெருமை பேசுவோர் இரு பக்கத்திலும் இதை மறந்துவிடுகின்றனர்.

1848இல் மறுபடியும் அதே காட்சி. ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்கலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். அவன் அரச குலத்தவன் அல்லன். அவன்பின் சென்ற மக்களுக்கு அது பெரிதாகத் தோன்றவுமில்லை. தேசாதிபதி டொரிங்டன் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்திருந்தான். வரி செலுத்தாதவன் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும் என்றும் சட்டம் வந்தது. சட்டசபையில் அம்மக்களுக்குக் குரல் இல்லை. வாக்குரிமை என்ற சொல்லே அவர்கள் கேட்டறியாதது. அநியாய வரி என்று சொல்வதற்கு அவர்களிடம் இருந்த ஒரே மொழி ‘எங்களுக்கு அரசன் வேண்டும்’ என்பதுதான். புரன் அப்புவைச் சுட்டார்கள். பண்டாவை மலாக்காவுக்கு நாடுகடத்தினார்கள். வரிகளோ பெரும்பாலும் நீக்கப்பட்டன. மக்கள் கேட்டது எது, அவர்கள் பிடித்த கொடி எது என்பதைப் பிரித்துப் பார்க்க 1848 நமக்குப் பயிற்சி தருகிறது. பள்ளிமுனைப் பையனும் வலையைத்தான் கேட்டான்.

வாக்குச் சீட்டு வந்த பிறகு நிலைமை என்ன? பல்கேரியாவைப் பார்ப்போம். ஆறு வயதில் அரசனாகி, 1946இல் நாட்டைவிட்டு வெளியேறிய சிமியோன், அரை நூற்றாண்டின் பின் திரும்பி, 2001 ஏப்ரிலில் தன் பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்கினார். இரண்டே மாதத்தில் 240 ஆசனங்களில் 120! உலகமே வியந்தது. ஆனால் பதவியேற்கும்போது குடியரசின் அரசியலமைப்பின்மேல் சத்தியம் செய்து பிரதம மந்திரி ஆனார். அரசன் வாக்குக் கேட்டவுடன் அரசியல்வாதி ஆகிவிடுகிறான். அரசியல்வாதியைப் பாண் விலைக்கும் வேலையின்மைக்கும் பதில் சொல்லச் சொல்லி மக்கள் கேட்பார்கள். 2009இல் அவ்வியக்கத்துக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை.

நேபாளத்தில் 2008 மே 28ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை 560க்கு 4 என்ற வாக்குகளால் முடியாட்சியை நீக்கியது. அந்த நான்கு வாக்கின் கட்சி 2013இல் 24 ஆசனங்கள் பெற்றது. அதன் மரபில் வந்த ராஷ்டிரிய பிரஜாதந்திரக் கட்சிக்கு 2022இல் 14. 2025 மார்ச்சில் முன்னாள் மன்னர் ஞானேந்திராவை வரவேற்கக் காட்மண்டுவில் பெருங்கூட்டம் திரண்டது. மாத முடிவில் நடந்த கலவரத்தில் இருவர் இறந்தனர். அக்கூட்டத்தில் நின்ற இளைஞருக்கு 2005இல் அதே மன்னர் பாராளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு நேரடியாக ஆண்டதும், மறு ஆண்டு மக்கள் தெருவில் இறங்கி அவரைப் பணியவைத்ததும் கேள்விச் செய்தி மாத்திரமே. அவர்கள் கண்டது குடியரசுக் கட்சிகளின் ஊழலையும், வெளிநாட்டு வேலைக்கு ஏறும் விமானத்தையும்தான். ஆயினும் அதே ஆண்டு செப்டெம்பரில் இளைஞர் எழுச்சி அரசாங்கத்தையே கவிழ்த்தபோது, அரண்மனைக் கதவு திறக்கவில்லை. முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கியிடம் இடைக்கால ஆட்சி சென்றது.

கட்சி வழியாக முடி திரும்பியதே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். திரும்பியது, கம்போடியாவில். சிஹானுக் 1981இல் அமைத்த புன்சின்பெக் என்ற கட்சி, ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் 1993இல் நடந்த தேர்தலில் 120இல் 58 ஆசனங்களை வென்றது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே புதிய அரசியலமைப்பு முடியாட்சியை மீட்டது. சிஹானுக் மறுபடி மன்னரானார். ஆனால் படையும் நிருவாகமும் யார் கையில் இருந்தன? தேர்தலில் தோற்ற ஹுன் சென் இரண்டாம் பிரதம மந்திரியாக உட்கார்ந்தார். 1997இல் மன்னரின் மகன் ரணரித்தைப் படைபலத்தால் வெளியேற்றினார். மன்னர் அரண்மனையில் இருந்தார். 2013இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. நல்லூரில் எதிர்மன்னசிங்கம் இருந்த நிலையும் இதுவும் ஒன்றுதான். நானூறு ஆண்டுகள்தாம் இடைவெளி.

அரசனைத் தேட நாம் கம்போடியாவரை போக வேண்டியதும் இல்லை. 1972 மே 22 வரை இங்கிலாந்து அரசியே நமக்கும் அரசி. அம்முடி போனபின், 1978இன் அரசியலமைப்பு ஒரு புதிய ஆசனத்தைச் செய்து வைத்தது. 2009இல் போர் முடிந்ததும் அதில் இருந்தவரைத் தெற்கில் ‘மகாராஜா’ என்று பாடினார்கள், துட்டகைமுனுவோடு ஒப்பிட்டார்கள். 2010இல் பதினெட்டாம் திருத்தம் இரு தவணை வரையறையை நீக்கிற்று. 2015இல் மக்கள் அவரை இறக்கினார்கள். பிறகுதான் புதிய கட்சி வந்தது. 2016இல் பொதுஜன பெரமுன தோன்றியது. 2019இல் தம்பி சனாதிபதியானார். பதவியேற்றது எங்கே? துட்டகைமுனு கட்டிய ருவன்வெலிசாயவின் முன்றிலில். 2020இல் 145 ஆசனங்கள், இருபதாம் திருத்தம். முடி என்ற சொல் மட்டுமே குறை. 2022 ஜூலை 9ஆம் நாள் மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் நுழைந்து நீச்சற்குளத்தில் குளித்தார்கள். நான்கு நாளில் அவர் விமானம் ஏறினார். 2024 பாராளுமன்றத்தில் அக்கட்சிக்கு மூன்று ஆசனங்கள்.

வீழ்ந்தார்கள் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் நடந்தவற்றுக்கு யார் பதில் சொன்னார்கள்? பள்ளிமுனையில் போர்க்காலத்தில் வீடுவாசலை விட்டு ஓடிய குடும்பங்கள், போர் முடிந்தபின்னும் தம் காணியிற் கடற்படை இருப்பதைக் கண்டு நீதிமன்றம் ஏறினார்கள். அரசனிடம் போயிருந்தால் மனுவைத் தூக்கிக்கொண்டு வாயிலில் நிற்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பாக அரசையே நிறுத்தலாம். வழக்கு ஆண்டுக்கணக்காக இழுபடுகிறது என்பது கசப்பு. அந்தக் கசப்பில்தான் ‘ஒரு ராசா வந்தால்’ என்ற பேச்சு முளைக்கிறது.

பெருக்கமரத்தடியில் இவ்வளவையும் பையனுக்குச் சொல்லவில்லை. 1544ஐயும் தரைதட்டிய கப்பலையும் மட்டும் சொன்னோம். “அப்ப ராசாவும் எங்களைத்தானா வெட்டினவர்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தான். வலைக்கு என்ன வழி என்று அவன் மறுபடி கேட்கவில்லை. அது அவன் மரியாதை. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017இலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அச்சட்டம் எங்கள் கடலில் ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று கேட்டு அவன் தகப்பனாரின் சங்கம் ஒரு மனு அனுப்ப இருக்கிறது. அறுந்த வலைகளின் கணக்கைக் கொப்பியில் எழுதி அவர் எம்மிடம் தந்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் உட்கார்ந்து எழுதுவதாக இருக்கிறோம்.