நெல் கொடுத்த இருக்கை, டாலர் கொடுத்த இருக்கை



ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு இவ்வளவு பணம் கொடுத்தார்களே, அது என்ன தங்க நாற்காலியா சார் என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். கேலிதான். ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இருக்கை என்பது பேராசிரியர் பதவி. ஒரு தொகையை முதலாகப் போட்டு வைப்பார்கள். முதலில் கை வைப்பதில்லை. அதிலிருந்து ஆண்டுதோறும் நாலைந்து சதவீதம் எடுத்துச் சம்பளம் கொடுப்பார்கள். ஆள் மாறுவார், இருக்கை நிற்கும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை அல்ல. நம் பழைய தென்னார்க்காட்டிலேயே, விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அதற்கென்று 45 வேலி நிலம். நிலம் அப்படியே இருக்கும், விளைச்சல் சம்பளமாகும். ஆசிரியருக்கு நாள் கணக்கில் நெல். பெருமைதான். ஆனால் அங்கே நடந்தது வேதம், வியாகரணம், மீமாம்சை. படித்தவர்கள் அந்தணர் பிள்ளைகள். அந்த நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இதையும் சேர்த்தே படியுங்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் காலேஜ் என்று ஒன்று. பெயர்தான் காலேஜ், இயேசு சபையார் 1863இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அங்கே காசன் இருக்கை என்று ஒன்றை அங்குள்ள துறவிகளே ஏற்படுத்தினார்கள். வெளியிலிருந்து இயேசு சபை அறிஞர்கள் வந்து தங்கிப் பாடம் நடத்துவார்கள். அதே இடத்தில் 1984 முதல் 2005 வரை பாடம் நடத்தியவர் பிரான்சிஸ் குளூனி. இயேசு சபைப் பாதிரியார். ஆராய்ந்தது நம்மாழ்வாரின் திருவாய்மொழியை! முதலாழ்வார் மூவரும் இடைகழியில் நெருக்கிக்கொண்டு நின்றது நமக்குப் பக்கத்துத் திருக்கோவலூரில்தான் என்பது மரபு. அந்த வரிசையில் வந்த பாசுரங்களை ஒரு கிறித்தவத் துறவி தமிழிலேயே படித்திருக்கிறார். பிறகு ஹார்வர்டில் பார்க்மன் பேராசிரியரானார். அதுவும் அறக்கொடை இருக்கைதான்.

அந்த ஹார்வர்டில் தமிழுக்கென்றே இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர்கள் இருவர் தொடங்கி வைத்தார்கள். தமிழக அரசு 10 கோடி கொடுத்தது. 2018இல் தொகை சேர்ந்தது.

அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் பக்கத்து அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக நிரந்தரமின்றிக் காத்திருக்கிறார்கள். இங்கே படித்தவர்தானே நாளை அங்கே போய் அந்த இருக்கையில் உட்கார வேண்டும்?

பெரிய தொகை நம்மால் முடியாது. அறக்கட்டளைச் சொற்பொழிவு முடியும். ஒரு லட்சத்தை வங்கியில் போட்டால் வட்டி ஆறாயிரமாவது வரும். ஆண்டுக்கு ஒரு நல்ல அறிஞரை ரிஷிவந்தியத்துக்கு வரவழைக்க, பேருந்துச் செலவும் சாப்பாடும் சிறு மரியாதையும் போக மிஞ்சும். விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள். பணம் இப்போது அனுப்ப வேண்டாம்.