இளநிலைப் பட்டத்தில் நோய்ப்பரவலியல்: எங்கிருந்து தொடங்குவது?

1976-இல் ஃபிலடெல்பியா நகரில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குப் பின் இனம் தெரியாத நிமோனியா ஒன்று பரவியது. அதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் ஃபிரேசர். சில ஆண்டுகளில் அவர் ஸ்வார்த்மோர் என்னும் கலை அறிவியல் கல்லூரிக்குத் தலைவரானார். அந்தப் பொறுப்பில் இருந்தபோது, 1987-இல், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோய்ப்பரவலியல் மருத்துவருக்கு மட்டும் உரிய தொழிற்கல்வி அன்று, எந்தத் துறை மாணவருக்கும் சிந்தனைப் பயிற்சியாக அமையக்கூடிய பாடம் என்பது அவர் வாதம். 2003-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, இளநிலை மாணவர் எல்லாருக்கும் பொதுச் சுகாதாரக் கல்வி கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பின் அந்நாட்டில் இத்துறையின் இளநிலைப் பட்டங்கள் பெருகின.

நம் நாட்டில் வரலாறு வேறு வழியில் சென்றது. ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, நோய்த்தடுப்பையும் சமூக மருத்துவத்தையும் மருத்துவக் கல்வியின் உள்ளே வைத்தது. அது சரியான முடிவு. ஆனால் அதன் பக்க விளைவாக, நோய்ப்பரவலியல் எம்.பி.பி.எஸ். படிப்பவர் தேர்வுக்காகக் கடந்துபோகும் ஒரு தாளாகவும், அதற்கப்பால் முதுநிலைக்குரிய படிப்பாகவும் நின்றுவிட்டது. இளநிலையில் தனிப் பட்டமாக அது இப்போதுதான் ஆங்காங்கே முளைக்கிறது. இந்தத் தொடக்கக் கட்டத்தில் பாடத்திட்டம் எந்த வடிவம் எடுக்கிறதோ, அதுவே பல பத்தாண்டுகளுக்கு நிலைத்துவிடும். கொஞ்சம் உடற்கூறு, கொஞ்சம் நுண்ணுயிரியல், நோய்களின் பட்டியல், அரசுத் திட்டங்களின் பட்டியல் என்று மருத்துவப் பாடத்தைச் சுருக்கித் தருவதுதான் பாடத்திட்டக் குழுக்களுக்கு எளிய வழி. அந்த வழியில் போனால் பாதி மருத்துவம் தெரிந்தவர்களை உருவாக்குவோம். நோய்ப்பரவலியல் தெரிந்தவர்களை உருவாக்க மாட்டோம்.

இத்துறையின் முதல் கேள்வி, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் என்பது. ஒரு மாவட்டத்தில் 200 பேருக்கு டெங்கு, பக்கத்து மாவட்டத்தில் 80 பேருக்கு என்று செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை எவ்வளவு, எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள், தனியார் மருத்துவமனைகளின் கணக்கு சேர்ந்ததா என்று தெரியாமல் இந்த இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. பின்னத்தின் கீழே நிற்கும் பகுதி எண் தானாகக் கிடைப்பதில்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடக்கவில்லை. ஆகவே நாம் பேசும் விகிதங்கள் பலவும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து முன்கூட்டி மதிப்பிட்ட தொகையின் மேல் நிற்கின்றன. இதை முதல் பருவத்திலேயே உணரும் மாணவர் எந்த விகிதத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்க மாட்டார்.

வழக்கமான பாடநூல்கள் லண்டனின் ஜான் ஸ்நோவிடம் தொடங்கும். அதிலும் 1854-இல் பிராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிய கதையோடு நின்றுவிடும். அவருடைய உண்மையான சாதனை தென் லண்டன் அட்டவணையில் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் குடிநீர் வழங்கின. லாம்பெத் நிறுவனம் தேம்ஸ் நதியில் நீர் எடுக்கும் இடத்தை 1852-இல் நகரச் சாக்கடை கலக்காத மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. சவுத்வார்க்–வாக்ஸால் நிறுவனம் மாற்றவில்லை. காலரா சாவு, 10,000 வீடுகளுக்கு முதல் நிறுவனத்தின் நீரைப் பெற்ற வீடுகளில் 37, இரண்டாவதில் 315. எந்த வீட்டுக்கு யார் நீர் என்பதை ஸ்நோ வீடு வீடாகக் கேட்டறிந்தார். ஆள் கணக்கு கிடைக்காததால் வீட்டுக் கணக்கைப் பகுதி எண்ணாக்கினார். மாணவர் கற்க வேண்டியது அந்த உழைப்பை.

ஆனால் நம் மாணவருக்கு லண்டனைவிட நெருக்கமான, அதைவிடக் கடினமான பாடம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அதுதான். காசநோய் என்றால் சானடோரியம் என்பது அன்றைய நியதி: ஓய்வு, நல்ல உணவு, குடும்பத்திலிருந்து பிரிவு. நோயாளர் பெருந்தொகையினர், படுக்கைகளோ மிகச் சில. நெருக்கடியான வீட்டில், அரை வயிற்றோடு வாழும் ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் பலிக்குமா என்று மையம் கேட்டது. 193 நோயாளர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவுக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள், ஓராண்டு. 1959-இல் முடிவு வெளியானது: ஆண்டிறுதியில் நோய் அடங்கியிருந்தவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். சானடோரியம் வென்றது என்று ஒரு மாணவர் சொல்வார். இரண்டும் ஒன்றுதான் என்று இன்னொருவர் சொல்வார். ஒவ்வொரு குழுவிலும் இறுதிக் கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் எண்பது பேர் அளவில். அதைக் கொண்டு 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைத் தோராயமாகக் கணக்கிட்டால், வீட்டுச் சிகிச்சை 4 புள்ளி முந்தியிருக்கலாம் என்பதிலிருந்து சானடோரியம் 16 புள்ளி முந்தியிருக்கலாம் என்பது வரை தரவு இடம் தருகிறது. வேறுபாடு நிறுவப்படவில்லை என்பதும் வேறுபாடே இல்லை என்பதும் ஒன்றல்ல என்று மாணவர் தம் கைக்கணக்கிலேயே காண்பார். அதற்கு மேல்தான் முக்கியமான கேள்வி வருகிறது: இவ்வளவு நிச்சயமின்மை இருந்தும் நாடு ஏன் வீட்டுச் சிகிச்சையைத் தேர்ந்தது? பெரும்பாலான நோயாளருக்குப் படுக்கையே கிடைக்காது. அவர்களுக்கு வீட்டுச் சிகிச்சைக்கு மாற்று சானடோரியம் அன்று; சிகிச்சையே இல்லாமை. வீட்டிலிருந்த நோயாளரால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடியதா என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததிலும் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. உலகெங்கும் காசநோயாளர் குடும்பத்தோடு இருந்தபடியே குணமாக முடிந்ததற்கு இந்த ஆய்வு வழிதிறந்தது. நம் ஊர் ஏழைகளின் ஒத்துழைப்பால் உருவான இந்த அறிவு, நம் கல்லூரி மாணவரில் பெரும்பாலோருக்குப் பெயரளவில்கூடத் தெரியாதிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதற்குத் துணைப்பாடமாக, 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வை வைக்கலாம். தடுப்பூசி, போலி ஊசி இரண்டும் சமவாய்ப்பில் போடப்பட்ட மிகப் பெரிய ஆய்வு அது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பயன் காணப்படவில்லை. ஆயினும் குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளுக்கு எதிராக அது காப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. எதிர்பார்த்த விடை வராத ஆய்வையும் மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பதற்கும், ‘பலன் உண்டா’ என்ற கேள்வியை ‘யாருக்கு, எதற்கு எதிராக’ என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பதற்கும் இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

மருத்துவம் படிக்காதவருக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்ற மறுப்பு வரும். அதற்கு விடை ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். மருத்துவராக விரும்பியவர் அவர். முதல் உலகப் போரில் காசநோய் பீடித்ததால் முடியாமல், அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்தார். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-இல் வெளியான ஆய்வின் வடிவமைப்பு அவருடையது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் அவரும் ரிச்சர்ட் டாலும் சேர்ந்து வெளியிட்டனர். ஒருவர் கணக்கறிந்தவர், ஒருவர் மருத்துவர். இந்தக் கூட்டுதான் துறையின் இயல்பு.

படித்தால் வேலை கிடைக்குமா என்ற மறுப்புக்கு இவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை பழமையானது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி. ஆனால் அத்துறையின் உயர்நிலைப் பணிகள் மருத்துவருக்கு உரியவை. மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பணிகளும் மருத்துவப் பட்டமோ முதுநிலைப் பட்டமோ கேட்கின்றன. பணியிடம் உருவாக்காமல் மூன்றாண்டுப் பட்டத்தைச் சுயநிதிப் பிரிவில் விற்பது, கடன் வாங்கிப் படிக்க வரும் முதல் தலைமுறை மாணவருக்கு இழைக்கும் அநீதி. எனவே தனிப் பட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் முடிவு.

அவசரமாகச் செய்ய வேண்டியது வேறு. புள்ளியியல், சமூகவியல், புவியியல், விலங்கியல், இதழியல் என எத்துறை மாணவரும் எடுக்கக்கூடிய ஒரு விருப்பப் பாடமாக இதைக் கலை அறிவியல் கல்லூரிகளில் தொடங்கலாம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலிருந்து ஒருவரும் சேர்ந்து நடத்தலாம். களப்பணிக்கு ஒரு வார்டு போதும். ஆனால் சேகரித்த முடிவை அந்த வார்டு மக்களிடம் தமிழில் திரும்பச் சொல்வது மதிப்பெண்ணுக்குரிய கடமையாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களை நான் வேண்டுவது இதுதான்: அடுத்த திருத்தத்தில் இப்பாடத்துக்கு இடம் கொடுங்கள், அதன் முதல் அலகில் 1959-ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வை முழுமையாக வையுங்கள்.