தேய்ப்பு: கார்டு மெஷின் கடைக்கு வந்த கதை

"கார்டு தேய்ப்பீங்களா?" என்று கடையில் கேட்கிறோம். நிஜத்தில் இப்போது யாரும் கார்டைத் தேய்ப்பதில்லை. சிப் இருக்கும் முனையைச் செருகுகிறோம், இல்லாவிட்டால் மெஷின் மேலே காட்டுகிறோம். சொல் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

உடுமலையில் துணிக்கடை, பேக்கரி, மோட்டார் கடை என்று சின்ன வியாபாரம் செய்கிறவர்கள், "கையில எடுத்துட்டுப் போற மாதிரி எந்த மெஷின் வாங்கலாம்?" என்று என்னைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்களைக் கேட்பது வழக்கம். மாடல் பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் இந்த மெஷின் எப்படி எப்படி மாறி வந்தது என்று தெரிந்தால், வாங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே பிடிபடும். அதனால் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வந்த மெஷினுக்குக் கரண்டே தேவையில்லை. கார்டில் எண்கள் புடைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் கார்பன் சிலிப்பை வைத்து, ஒரு உருளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் எண் அச்சாகிவிடும். அந்தச் சத்தத்தை வைத்து 'ஜிப்-ஜாப்' என்றே பெயர். ஒரு சிலிப் வாடிக்கையாளருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று வங்கிக்கு. அமெரிக்காவில் 1950இல் டைனர்ஸ் கிளப்பும், 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கார்டும் வந்தன. நம் நாட்டு வங்கிகளில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980இல் கிரெடிட் கார்டு தந்தது.

ஜிப்-ஜாப்பில் ஒரு பெரிய ஓட்டை. கார்டில் பணம் இருக்கிறதா, அது திருட்டுக் கார்டா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. வங்கி அனுப்பும் திருட்டுக் கார்டு எண்களின் பட்டியலைக் கடைக்காரர் புரட்டிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் வங்கிக்குப் போன் போட்டு அனுமதி வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நஷ்டம் கடைக்காரர் தலையில் விழும். மெஷினின் கதை முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகிறது: ஏதாவது தப்பு நடந்தால் யார் பணம் போகும்?

அடுத்து வந்தது கறுப்புக் காந்தப் பட்டை. 1960களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, ஒரு காந்த நாடாவை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டப் பார்த்தார். பசை போட்டால் நாடா சுருங்கிக் கெட்டுப்போனது. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கச் சொன்னாராம். ஒட்டிக்கொண்டது. ஆக, கார்டைத் தேய்ப்பதற்கு முன்னாலேயே அந்தப் பட்டையைத் தேய்த்திருக்கிறார்கள். தமிழில் மட்டும்தான் இந்த இரண்டு வேலைக்கும் ஒரே சொல் பொருந்தி வருகிறது என்று நினைக்கிறேன். துணி ஊர்க்காரனான எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

பட்டையைப் படிக்க ஒரு மெஷின், அதை வங்கியோடு பேசவைக்க ஒரு போன் லைன். 1981இல் ஹவாயில் தொடங்கிய வெரிஃபோன் கம்பெனியின் பெயரே சரிபார்ப்பு, தொலைபேசி இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்ததுதான். கடைக்காரர் போன் போட்டுக் கேட்ட வேலையை மெஷினே செய்தது. ஆனால் போன் லைன் இருக்கிற கல்லாப்பெட்டியை விட்டு அது நகராது. மெஷினுக்குள் சிம் கார்டு போட்ட பிறகுதான் அது கைக்கு வந்தது. ஓட்டலில் மேஜைக்கே எடுத்துப்போகலாம், வீட்டு வாசலில் சிலிண்டர் இறக்கும்போதும் நீட்டலாம்.

பட்டையை நகல் எடுப்பது சுலபம் என்பதால் திருட்டும் கூடியது. நம் ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர் 1 முதல் கடையில் டெபிட் கார்டுக்கு பின் எண் கட்டாயம் என்றது. 2018 இறுதிக்குள் பட்டைக் கார்டுகளை சிப் கார்டாக மாற்றவும் சொன்னது. 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் காட்டினாலே போதும் என்று வரம்பை உயர்த்தியது. அதற்கு முன் அது 2,000.

நடுவில் 2016 நவம்பர் 8. திருப்பூர் பக்கம் சனிக்கிழமை வாரச் சம்பளம் ரொக்கமாகவே புழங்கும் ஊர்கள் நம்முடையவை. 500, 1000 நோட்டு செல்லாது என்றதும் கடைகள் மெஷினுக்கு அலைந்தன. நாடு முழுக்கச் சுமார் 15 லட்சமாக இருந்த மெஷின்கள், 2017 மார்ச்சுக்குள் 25 லட்சம் அளவுக்குப் போயின. அதே 2016இல்தான் யுபிஐயும் வந்திருந்தது. சில ஆண்டுகளில் ஒரு க்யூஆர் அட்டை அந்த மெஷின்களில் பலவற்றை மேஜை டிராயருக்குள் தள்ளியது.

அப்படியென்றால் மெஷின் எதற்கு? மூன்று பேருக்காக. கிரெடிட் கார்டில் வாங்குகிறவர், தவணையில் பெரிய பொருள் எடுக்கிறவர், ஸ்மார்ட்போன் இல்லாமல் ரூபே டெபிட் கார்டு மட்டும் வைத்திருக்கிற பெரியவர். மூன்றாமவரைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2014இல் தொடங்கிய ஜன்தன் கணக்கோடு வந்த கார்டுகள் ரூபேதான். 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கடைக்காரரிடம் கமிஷன் கிடையாது.

மற்றவற்றுக்கு உண்டு. எம்டிஆர் என்று சொல்லும் இந்தக் கமிஷனை கார்டு தந்த வங்கி, மெஷின் தந்த வங்கி, நடுவில் இருக்கும் நெட்வொர்க் மூவரும் பிரித்துக்கொள்கிறார்கள். 2018 ஜனவரி முதல் நடப்பில் வந்த விதிப்படி, ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு டெபிட் கார்டில் அதிகபட்சம் 0.40 சதவீதம், அதுவும் 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பெரிய கடைக்கு 0.90 சதவீதம், உச்சம் 1,000 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு இப்படி உச்சவரம்பு இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கோ அதுதான்.

ஒரு கணக்குப் போடலாம். 5,000 ரூபாய் பட்டுச்சேலை, கிரெடிட் கார்டு, கமிஷன் 2 சதவீதம் என்று வையுங்கள். 100 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 118. சேலையில் லாபம் 10 சதவீதம் என்றால் 500 ரூபாய். அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடுகிறது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைக்கு அந்த 18 ரூபாயைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. இதனால்தான் "கார்டுன்னா 2 பர்சென்ட் சேர்த்து ஆகுங்க" என்ற பேச்சு. டெபிட் கார்டு வாடிக்கையாளரிடம் அப்படி வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இனி மெஷின் எடுக்கப் போகிறவர் கேட்க வேண்டியவை. மாத வாடகையா, ஒரே விலையா? வாடகை ஆடி மாதமும் ஓடும். மாதம் 300 என்றால் வருஷம் 3,600, விற்றாலும் விற்காவிட்டாலும். சனி, ஞாயிறு விற்ற பணம் எப்போது கணக்கில் ஏறும்? சனிக்கிழமை ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்குத் திங்கட்கிழமை வருகிற பணம் உதவாது. உள்ளே இருப்பது 2ஜி மெஷினா, 4ஜியா? ஜியோ சிம் 2ஜியில் வேலை செய்யாது. திருமூர்த்தி மலை, அமராவதி பக்கம் டெலிவரி போகிறவர் அங்கே எந்த டவர் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு சிம்மைத் தேர்ந்தெடுங்கள். சிலிப் வெப்பத்தாளில் அடிக்கிறது, சில மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும். பெரிய தொகை என்றால் போட்டோ எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் "நான் வாங்கவே இல்லை" என்று வங்கியில் புகார் கொடுத்தால் ஆதாரம் காட்ட வேண்டியது கடைக்காரர்தான். ஜிப்-ஜாப் காலத்துக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு சேதி. 2021இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய மானிய நிதி, 50,000க்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களைக் குறிவைத்தது. 2011 கணக்கெடுப்பில் உடுமலை 60,000ஐத் தாண்டிவிட்டது. மடத்துக்குளமும் தளியும் அந்த எல்லைக்குள் வந்தன, உடுமலை டவுன் வரவில்லை. ஒரே வியாபாரம், பக்கத்துப் பக்கத்து ஊர், கணக்கு மட்டும் வேறு. அதனால் மடத்துக்குளத்துக் கடைக்காரருக்குக் கிடைத்த விலையை வைத்து உடுமலையில் பேரம் பேச முடியாது. உங்கள் ஒப்பந்தத்தை நீங்களே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கோவை, திருப்பூர் பக்கம் யாரிடமாவது பழைய ஜிப்-ஜாப் மெஷினோ, அதன் கார்பன் சிலிப்போ இருந்தால் சொல்லுங்கள். போட்டோ எடுத்து இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.