தராசின் மறுதட்டு

கருவைச் சுமப்பவள் பெண். ஆகவே கருத்தடையையும் அவளே சுமக்கட்டும், இது இயற்கையின் நியதி என்பர் சிலர். ஆராய்ச்சிக் கூடத்தின் வரலாற்றைப் புரட்டுவோம். நியதியை வகுத்தது யார் என்பது விளங்கும்.

1956-ல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடம் கருத்தடை மாத்திரை சோதிக்கப்பட்டது. தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்று முறையிட்டனர் அம்மங்கையர். பக்கவிளைவுகள் மிகுதி, பொதுப் பயனுக்கு ஏற்றதன்று என்று எழுதினார், சோதனையை அங்கு நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே. ஆராய்ச்சித் தலைவர் கிரகரி பிங்கஸ் அதனைப் பொருட்படுத்தினாரில்லை. 1960-ல் ஒப்புதல் தந்தது அமெரிக்க அரசு.

ஆணுக்கு அத்தகைய மருந்து ஆகாதா? ஆகும்! டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்பை வெளியிலிருந்து செலுத்தினால், அது உடலில் போதிய அளவு இருப்பதாகக் கணக்கிட்டு, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை மூளை குறைத்துவிடுகிறது. விந்தணு உற்பத்தி மெல்ல ஓய்கிறது. ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் மீள்கிறது. மந்திரமன்று, மாயமன்று. 7 நாடுகளில் 271 ஆடவருக்கு வாரம் ஓர் ஊசி போட்டுச் சோதித்து, 1990-ல் முடிவை வெளியிட்டது உலக சுகாதார நிறுவனம். விந்தணு அறவே அற்றுப்போன 157 பேர் வேறு தடையேதுமின்றி ஓராண்டுவரை இல்லறம் நடத்தினர். கருவுற்ற துணைவி ஒரே ஒருவர்! சீனத்தில் 1,045 ஆடவருக்கு மாதம் ஓர் ஊசி போட்ட சோதனையின் முடிவு 2009-ல் வந்தது. அதுவும் வெற்றியே.

பிறகு ஏன் தேக்கம்? 320 ஆடவருக்கு 8 வாரத்திற்கு ஒருமுறை ஊசி போட்ட மற்றொரு சோதனையை, மனச்சோர்வு முதலிய விளைவுகளைக் கண்டு 2011-ல் நிறுத்தச் சொல்லிற்று பாதுகாப்புக் குழு. 2016-ல் முடிவு வெளியானதும், “ஆணால் தாங்க முடியவில்லை, பார்த்தீரா!” என்று எள்ளி நகைத்தனர் பலர். அந்த நகைப்பில் நாம் சேரோம். பங்குபெற்றோரில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல், இம்முறை கிடைத்தால் பயன்படுத்துவோம் என்றே கூறினர். மனச்சோர்வு சிறு துன்பமுமன்று. குழு விழிப்புடன் இருந்தது நன்றே. அவ்விழிப்பு 1956-ல் எங்கே உறங்கிற்று என்பதே நம் வினா.

மருந்தின் கேட்டைப் பெண்ணுக்கு நிறுக்கும்போது, மறுதட்டில் பேறுகால ஆபத்தை வைக்கிறார்கள். ஆணுக்கு அந்த ஆபத்தில்லை, மறுதட்டு வெறுந்தட்டு. ஆகவே சிறு கேடும் மலையாகிறது! இருவர் பெறும் பிள்ளைக்கு ஒருவர் உடலை மட்டும் நிறுப்பது என்ன தராசு? பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்றார் பெரியார். அவ்விடுதலையின் விலை முழுவதையும் அவளே செலுத்துவதா?

தோளில் தடவும் களிம்பு ஒன்றின் சோதனை 2018-ல் தொடங்கிற்று. நெஸ்டோரோனும் டெஸ்டோஸ்டிரோனும் கலந்த களிம்பு. 400-க்கு மேற்பட்ட இணையர் அதில் சேர்ந்தனர். தடவிக்கொண்டவர் ஆண், அதனை மட்டுமே நம்பி ஓராண்டைக் கழிக்க உடன்பட்டவர் பெண்.