ஆடியோ இன்டர்ஃபேஸ்: யூஎஸ்பி இணைப்புக் கோளாறுகள்

மைக், கிட்டார் முதலியவற்றின் ஒலியை எண்முறைக்கு மாற்றிக் கணினிக்கு அனுப்பும் கருவி ஆடியோ இன்டர்ஃபேஸ். வீட்டில் ஒலிப்பதிவு செய்வோருக்கு முதல் தொல்லை பெரும்பாலும் இதன் யூஎஸ்பி இணைப்பில்தான்.

கணினி கருவியைக் காணவே இல்லையென்றால் முதலில் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜ் செய்வதற்கு மட்டுமான சில வயர்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. கருவியில் விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. யூஎஸ்பி 2.0 துளை தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். தனி மின்சாரமில்லாத ஹப் அதையும் பங்குபோடுவதால், கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட்டைப் போட்டதும் கருவி அணைந்துபோகலாம். ஹப்பைத் தவிர்த்து நேரே செருகுவதே நல்லது.

இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று தோட்டப் பகுதியான வட்டவளை. இத்தகைய தோட்டப் பகுதிகளில் ஈரப்பதத்தால் செருகியின் தொடுமுனைகள் அரிப்புற்றால் இணைப்பு விட்டுவிட்டு வரும். அதை டிரைவர் கோளாறென்று எண்ணி மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவுவது வீண்வேலை.

விண்டோஸ் 10இல் யூஎஸ்பி ஆடியோ 2.0 டிரைவர் உள்ளடங்கி வந்தது 2017இல். ஆயினும் குறைந்த தாமதத்தில் பதிவு செய்யத் தயாரிப்பாளரின் ஆசியோ டிரைவரே ஏற்றது. ஒலி சடசடத்தால் பஃபர் அளவை 128இலிருந்து 256க்கோ 512க்கோ உயர்த்தலாம். சும்மா இருக்கையில் கருவி துண்டிக்கப்பட்டால், யூஎஸ்பிக்கான மின்சேமிப்பு அமைப்பை நிறுத்த வேண்டும்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், சிக்கல் எர்த் இணைப்பு சார்ந்ததாக இருக்கலாம். அதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டுவது உயிராபத்து.